பச்சைக் குழந்தைக்கு மஞ்சகாமாலை: அன்னைக்கு யாரும் கேட்காத ஒரு கேள்வி

வழக்கமா மரவள்ளி விலை, கரும்பு பாக்கி, மோட்டார் ரிப்பேர்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன், இந்த தடவை மஞ்சகாமாலை பத்தி எழுதறேன். பச்சைக் குழந்தைக்கு வர்ற மஞ்சகாமாலை. காரணம் எங்க வீட்டிலேயே இருக்கு. என் மக தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தா. பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூணாவது நாள் லேசா மஞ்சள் இருந்தது. ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, "பயப்பட வேணாம், பால் நல்லா குடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. 18-வது நாள் ஆச்சு. கண்ணுல மஞ்சள் போகல.

வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. காலையில இளவெயில்ல காட்டுன்னு பக்கத்து வீட்டு ஆயா. கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு தாய்க்குக் குடுன்னு என் சம்சாரம். தாய்ப்பாலை ரெண்டு நாள் நிறுத்திப் பாருன்னு சம்பந்தி வீட்டுல இருந்து போன். நான் மகளைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பாப்பா எந்த நிறத்துல ஆய் போவுது?"

எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஆம்பளைங்க கேட்கிற கேள்வியா இதுன்னு. உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும் நான் ஏன் கேட்டேன்னு.

1989 தை மாசம் அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்கு அப்ப 20 வயசு. எங்க ஊர் கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணைத் தண்ணி பாயுற பகுதி. அப்ப இதெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீசுன்னா கடலூர். கள்ளக்குறிச்சி போகவே பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கணும். குழந்தைக்கு ரெண்டாவது வாரத்துல கண்ணு மஞ்சளாச்சு. குழந்தை நல்லா பால் குடிச்சான், எடை போட்டான், சிரிச்சான். அதனால யாருக்கும் பெருசா பயம் வரல.

வேப்பிலை அடிச்சு மந்திரிச்சோம். மலையில இருந்து ஒருத்தர் வந்து மூலிகைச் சாறு குடுத்தார். டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். அவர் கண்ணைப் பார்த்துட்டு, "பிறந்த குழந்தைக்கு வர்றதுதான், தானா போயிடும்"னு டானிக் எழுதிக் குடுத்தார். அண்ணிக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. குழந்தையோட மூத்திரம் பட்ட துணி எவ்வளவு துவைச்சாலும் மஞ்சள் கறை போகல. ஆய் சுண்ணாம்பு கரைச்ச மாதிரி வெளுத்து இருந்துச்சு. அதை எங்க ஆயாகிட்ட சொன்னாங்க. "தாய்ப்பாலு வெள்ளை, அதான் வெள்ளையா போவுது"ன்னு ஆயா முடிச்சிட்டாங்க. டாக்டர் கேட்கல. அண்ணியும் அந்த விஷயத்தைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டு சொல்லல.

நாலாவது மாசம் வயிறு உப்ப ஆரம்பிச்சது. வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கதான் முதல்தடவையா ஒரு டாக்டரம்மா ஆயோட நிறத்தைக் கேட்டாங்க. பரிசோதனை எல்லாம் முடிச்சு, "பித்தக்குழாய் அடைஞ்சு போச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள வந்திருந்தா ஒரு ஆபரேஷனுக்கு வாய்ப்பு இருந்தது"ன்னு சொன்னாங்க. அந்த வருஷ மார்கழியிலே குழந்தை போயிட்டான். 11 மாசம்.

இத்தனை வருஷமா அதை நான் விதின்னுதான் நினைச்சிருந்தேன். பேத்தி பிறந்தப்புறம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டும், போன்ல தேடியும் கொஞ்சம் படிச்சேன். பத்தாவது படிச்சவனுக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நம்ம ரத்தத்துல இருக்கிற சிவப்பணு பழசாகி உடையும்போது பிலிருபின்னு ஒரு மஞ்சள் பொருள் வருது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி, பித்தநீரோட சேர்த்து, பித்தக்குழாய் வழியா குடலுக்கு அனுப்புது. மலத்துக்கு நிறம் வர்றதே அந்தப் பித்தநீராலதான். பிறந்த குழந்தைக்கு சிவப்பணு அதிகம், கல்லீரலுக்கு வேலை இன்னும் பழகல. அதனால நிறை மாசத்துல பிறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல முதல் வாரத்துல மஞ்சள் ஆகுதுங்க. பெரும்பாலும் 2 வாரத்துல சரியாகிடும்.

விவசாயி பாஷையில சொன்னா, ஏரியில தண்ணி தேங்கி நிக்குதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். மதகு திறக்கிற ஆள் புதுசு, மெதுவா திறக்கிறார். இல்லேன்னா மதகு திறந்துதான் இருக்கு, வாய்க்கால் தூர்ந்து போச்சு. கரையில நின்னு பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கடைமடைக்குப் போய் வயல்ல தண்ணி பாயுதான்னு பார்த்தாதான் எதுன்னு விளங்கும். குழந்தையோட கண்ணு ஏரிக்கரை மாதிரி. துணியில இருக்கிற மலம்தான் கடைமடை.

இந்த நோயோட வரலாற்றைப் படிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. இதுல பல முன்னேற்றம் யாரோ ஒருத்தர் கண்ணால பார்த்ததை இன்னொருத்தர் காது குடுத்துக் கேட்டதாலதான் வந்திருக்கு.

இங்கிலாந்துல எசெக்ஸ் பகுதியில ராக்ஃபோர்டு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு. அங்க குறைமாசக் குழந்தைங்க வார்டைப் பார்த்துக்கிட்டவங்க சிஸ்டர் வார்டுன்னு ஒரு செவிலியர். குழந்தைங்களுக்கு வெயிலும் காத்தும் நல்லதுன்னு நம்பினவங்க, கோடையில அதுங்களை முற்றத்துக்குக் கொண்டு போவாங்க. 1956-ல ஒருநாள் ஒரு குழந்தையைக் கொண்டு வந்து டாக்டர்கள்கிட்ட காட்டுறாங்க. உடம்பெல்லாம் வெளுத்து இருக்கு. முக்கோணமா ஒரு இடம் மட்டும் நல்ல மஞ்சள். அயோடின் தடவினீங்களான்னு டாக்டர் கேட்கிறார். இல்லை, துணியோட ஓரம் மறைச்ச இடம் அது, வெயில் பட்ட இடத்துல மஞ்சள் மறைஞ்சிருக்குன்னு தெரிய வருது. கொஞ்ச நாள்ல இன்னொண்ணும் நடந்துச்சு. ஜன்னல்ல வெயில்பட மறந்து வச்ச ரத்தக் குழாயில பிலிருபின் அளவு குறைஞ்சிருந்தது. ரெண்டையும் சேர்த்து யோசிச்சு, கிரீமர்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் விளக்கு வச்சு சிகிச்சை பண்ணிப் பார்த்து, 1958-ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரியில நீல விளக்குக்குக் கீழே, கண்ணைக் கட்டிக் குழந்தையைப் படுக்க வைக்கிறாங்களே, அது அப்படி வந்ததுதான்.

அப்ப பக்கத்து வீட்டு ஆயா சொல்ற இளவெயில் சரிதானேன்னு கேட்பீங்க. பாதி சரி. வெளிச்சம் பிலிருபினை உடம்பை விட்டு வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாத்துது. ஆனா நம்ம வெயில்ல எவ்வளவு வெளிச்சம் பட்டுச்சு, எவ்வளவு சூடு பட்டுச்சுன்னு அளக்க முடியாது. குழந்தையைத் துணி இல்லாம வெயில்ல போட்டா தோல் பொசுங்கும், நீர்ச்சத்து வத்தும். ஆபத்தான அளவுக்கு மஞ்சள் ஏறின குழந்தைக்கு அந்த வெயில் பத்தாது. அளவு மீறினா பிலிருபின் மூளையைத் தாக்கும். காது கேட்காம போகலாம், கை கால் வராம போகலாம், உயிரே போகலாம். இன்னொரு விஷயம், வாய்க்கால் அடைச்ச குழந்தைக்கு வெயிலும் உதவாது, நீல விளக்கும் உதவாது.

அடுத்தது தாய்ப்பால். 1960-களில் அமெரிக்க டாக்டர்கள் ஒண்ணைக் கவனிச்சாங்க. தாய்ப்பால் மட்டும் குடிச்சு நல்லா வளர்ற சில குழந்தைங்களுக்கு மஞ்சள் பல வாரம் நீடிக்குது. வேற எந்தக் குறையும் இல்லை. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தானா போயிடுது. 2 வாரத்துக்கு மேல மஞ்சள் நீடிக்கிற குழந்தைங்கள்ல பெரும்பாலும் இதுதான். அதுக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேணாம்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. சம்பந்தி வீட்டுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ரெண்டு போன் ஆச்சு.

இனி கீழாநெல்லி. மரவள்ளிக் கொல்லையில களை எடுக்கும்போது நான் தினமும் பிடுங்கிப் போடற செடி. இதை ஆராய்ச்சிக்கூடம் மதிக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு இதை ஆராய்ஞ்சது. ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் பரிசு வாங்கின ப்ளம்பெர்க் அதுல சேர்ந்திருந்தார். 1988-ல அந்தக் கட்டுரையும் லான்செட்லதான் வந்துச்சு. அந்த வைரஸ் உடம்புல தங்கிப்போனவங்கள்ல பலருக்கு அது மறைஞ்சதா எழுதினாங்க. பிறகு வேற நாடுகள்ல செஞ்ச ஆய்வுகள்ல அதே பலன் கிடைக்கல. எப்படி இருந்தாலும், அது ஒரு வைரஸ் பத்தின ஆராய்ச்சி. பச்சைக் குழந்தையோட மஞ்சளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நாம எல்லா மஞ்சளுக்கும் மஞ்சகாமாலைன்னு ஒரே பேர் வச்சிட்டோம். பேர் ஒண்ணா இருக்கிறதால மருந்தும் ஒண்ணுதான்னு நினைச்சிட்டோம். எங்க வீட்டுல 1989-ல நடந்த தப்பு அதுதான். சாறு குழந்தையைக் கொல்லல. சாறு குடுத்துட்டோம்னு நிம்மதியா இருந்த நாளுங்கதான் கொன்னுச்சு.

அந்த நாளுங்களுக்கு என்ன மதிப்புன்னு ஜப்பான்ல ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. பித்தக்குழாய் அடைஞ்சு அழிஞ்சு போற நோய்க்கு பிலியரி அட்ரீசியான்னு பேர். பத்து பதினஞ்சாயிரம் குழந்தைக்கு ஒண்ணுக்கு வரும்னு சொல்றாங்க, சில நாடுகள்ல இன்னும் அதிகம். செண்டாய் நகரத்துல தொஹோகு பல்கலைக்கழகத்துல மோரியோ கசாய்னு ஒரு அறுவை மருத்துவர். 1955-ல அவர் ஒரு குழந்தைக்கு, அழிஞ்ச குழாயை எடுத்துட்டு, கல்லீரலோட வாசல்லயே குடலை இணைச்சு விட்டார். பித்தநீர் இறங்குச்சு. 1959-ல அதை எழுதினார், ஆனா ஜப்பானிய மொழியில. இங்கிலீஷ்ல வர 1968 ஆச்சு. அந்த ஆபரேஷனுக்கு இன்னைக்கும் அவர் பேர்தான்.

அதுல ஒரு கணக்கு இருக்கு. குழந்தை பிறந்து 60 நாளைக்குள்ள செஞ்சா பித்தநீர் இறங்குற வாய்ப்பு நல்லா இருக்கு. நாள் ஆக ஆக, தேங்கின பித்தநீர் கல்லீரலைச் சுருக்கி இறுக்கிடும். எங்களை மாதிரி நாலாவது மாசம் போனா ரொம்ப தாமதம். நாத்து நடவுக்குப் பருவம் இருக்கிற மாதிரி இதுக்கும் ஒரு பருவம். ஆனா இந்தப் பருவம் திரும்பி வராது.

அப்ப 60 நாளைக்குள்ள எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கும் ஜப்பான்லதான் சுலபமான வழி யோசிச்சாங்க. குழந்தையோட மலம் எந்த நிறத்துல இருந்தா சரி, எந்த நிறத்துல இருந்தா சரியில்லைன்னு படம் போட்ட அட்டை. 1994-ல டோச்சிகி மாகாணத்துல தாய்மாருக்குக் குடுத்தாங்க. பிறகு தைவான் 2004-ல நாடு முழுக்க, குழந்தை ஆரோக்கியப் புத்தகத்துலயே அதைச் சேர்த்துடுச்சு. 60 நாளைக்குள்ள ஆபரேஷனுக்கு வந்த குழந்தைங்க அங்க கூடினாங்க. ஒரு அட்டை, சில நிறம், அவ்வளவுதான். எங்க அண்ணி கையில அப்படி ஒண்ணு இருந்திருந்தா, ஆயாவோட பேச்சுக்கு எதிரா நீட்டிக் காட்டியிருப்பாங்க.

ஆபரேஷன் பலிக்காத குழந்தைக்குக் கல்லீரல் மாற்றுதான் வழி. 1963-ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல ஸ்டார்ஸல்ங்கிற மருத்துவர் உலகத்துல முதல்தடவையா மனுஷனுக்குக் கல்லீரல் மாற்றிப் பார்த்தது இதே நோய் இருந்த 3 வயசுப் பையனுக்குத்தான். அந்தப் பையன் பிழைக்கல. உயிரோட இருக்கிறவங்க கல்லீரல்ல ஒரு துண்டு எடுத்து வைக்கிறது 1989-ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல பலிச்சது. ஒரு தாய் மகனுக்குக் குடுத்தாங்க. 1989-ன்னு படிச்சதும் போனைக் கீழே வச்சிட்டு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்னேன்.

நம்ம நாட்டுல 1994-ல உறுப்பு மாற்றுச் சட்டம் வந்துச்சு. 1998 நவம்பர் 15-ம் தேதி டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில முதல்தடவையா ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்று வெற்றியாச்சு. அந்தக் குழந்தை நம்ம காஞ்சிபுரத்துப் பையன், சஞ்சய் கந்தசாமி. 2 வயசு நிறையல. பிலியரி அட்ரீசியாதான். அப்பா தன் கல்லீரல்ல ஒரு பகுதியைக் குடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து, படிச்சு, டாக்டர் ஆகிட்டார். பத்திரிகையில அவர் போட்டோவை அண்ணனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நம்மளவன் இருந்திருந்தா இவனை விட பெரியவன்"னு மட்டும் சொன்னார்.

எங்க பகுதியோட கதையையும் இதோட சேர்த்துப் பார்க்கணும். கல்வராயன் மலை நாடு சுதந்திரம் வாங்கின பிறகும் ஜாகிர்தார்கள் பிடியில இருந்தது. 1976-லதான் மலைமக்கள் அதுல இருந்து முழுசா விடுபட்டாங்க. எங்க குழந்தை பிறக்க 13 வருஷம் முன்னாடி. அப்படிப்பட்ட இடத்துக்கு, செண்டாயில 1959-ல எழுதின விஷயம் 1989-ல வந்து சேரலன்னா அதிசயம் இல்லை. இப்ப நிலைமை வேற. 108 ஆம்புலன்ஸ் 2008-ல வந்துச்சு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆச்சு. சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தாங்க. கல்லீரல் மாற்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே நடக்குது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கு.

ஆனா ஆஸ்பத்திரி கிட்ட வந்தாலும், வீட்டுக்குள்ள இருக்கிற பேச்சு அதே இடத்துலதான் நிக்குது. 18-வது நாள் எங்க வீட்டுல பேசினது, 1989-ல பேசினதேதான். இளவெயில், கீழாநெல்லி, தானா போயிடும். நகரத்துல இருக்கிற உங்க வீட்டுல கீழாநெல்லி இல்லாம இருக்கலாம். "என் பையனுக்கும் இருந்துச்சு, தானா போயிடுச்சு"ங்கிற பேச்சு அங்கயும் இருக்கும். பத்துல ஒன்பது தடவை அது சரியாத்தான் இருக்கும். அந்த மிச்சம் ஒண்ணு யார் வீட்டுதுன்னு பார்த்தா தெரியாது.

அதனால எனக்குப் புரிஞ்சதைச் சுருக்கமா சொல்லிடறேன். பிறந்த முதல் நாளே மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை பாதம் வரைக்கும் மஞ்சள் ஏறினாலோ, குழந்தை பால் குடிக்காம சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. நிறை மாசக் குழந்தைக்கு 14 நாள், குறைமாசக் குழந்தைக்கு 21 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தா, குழந்தை நல்லா இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. மொத்த பிலிருபின் மட்டும் பத்தாது, நேரடி பிலிருபினும் பார்க்கணும். மதகா வாய்க்காலான்னு பிரிச்சுக் காட்டுறது அதுதான். தைராய்டு குறை, மூத்திரத்துல கிருமின்னு வேற காரணமும் இருக்கலாம், அதையும் அவங்க பார்ப்பாங்க. மலம் சுண்ணாம்பு மாதிரியோ களிமண் மாதிரியோ வெளுத்து இருந்தா, மூத்திரம் துணியில கறை பிடிச்சா, நாள் கணக்கே வேணாம், உடனே கிளம்புங்க. அந்தத் துணியையும் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க.

பேத்தி விஷயத்துக்கு வர்றேன். என் கேள்விக்கு மக, "கடுகு அரைச்ச மாதிரி மஞ்சளா போறாப்பா"ன்னு சொன்னா. நம்பிட்டு சும்மா இருக்கல. அடுத்த நாளே கூட்டிக்கிட்டுப் போய் ரத்தம் பார்த்தோம். நேரடி பிலிருபின் சரியா இருந்தது. தாய்ப்பால் மஞ்சள்தான், பாலை நிறுத்த வேணாம்னு டாக்டர் சொன்னார். ஏழாவது வாரத்துல கண்ணு தெளிஞ்சது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் கூட வந்தாங்க. நாங்க யாரும் கூப்பிடல, அவங்களாவே பையை எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறிட்டாங்க. டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பையில இருந்து மடிச்சு வச்சிருந்த துணியை எடுத்து மேசை மேல விரிச்சு, "இதை முதல்ல பாருங்க டாக்டர்"னு சொன்னாங்க.